சிலிகன் குழாயா, மூன்று பந்துக் கருவியா? பாடகர்களுக்கான மூச்சுப் பயிற்சிச் சாமான்கள் பற்றி ஒரு மதிப்பீடு

திருகோணமலையில் ஒருவர் பாட்டுக்காக மூச்சை வளர்க்க நினைத்துக் கடைத்தெருவுக்கு இறங்கினால் கண்ணில் படக்கூடியவை நான்கு சாமான்கள்: பார்மசியில் தொங்கும் மூன்று பந்து போட்ட பிளாஸ்ரிக் கருவி, ஸ்ரோ, ஆவி பிடிக்கும் மெஷின், மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் சிலிகன் குழாய். கோயிலில் தேவாரம் ஓதுபவருக்கும், தேவாலயப் பாடகர் குழாமில் நிற்பவருக்கும், விடிய விடியக் கூத்துப் பாடும் அண்ணாவியாருக்கும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் மேடையில் கரகரத்த குரலில் ரொக் பாடும் இளைஞருக்கும் இந்த நான்கில் எது உதவும், எது உதவாது என்பதே இங்கே விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நுனியைத் தண்ணீருக்குள் விட்டுக் குமிழி வரக் குரல் கொடுத்துப் பழகச் சிலிகன் குழாயை வாங்குங்கள். மூன்று பந்துக் கருவியைப் பாட்டுக்காக வாங்க வேண்டாம். ஸ்ரோ ஒன்று பையில் கிடக்கட்டும். ஆவி மெஷின் சிலருக்குத் தேவை, பலருக்குத் தேவையில்லை. டிஸ்டோர்ஷன் எனப்படும் கரகரப்பை இவற்றில் எதுவும் கற்றுத்தராது. ஆனால் அதைக் காயமில்லாமல் செய்வதற்கான அடித்தளத்தைக் குழாய் தரும்.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்கு மூச்சின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாட்டில் மூச்சுப் பலம் என்றால் நிறையக் காற்றை இழுத்து அழுத்தமாகத் தள்ளுவது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். உடம்பு வேலை செய்யும் முறை வேறு. சுவாசப்பையை முழுக்க நிரப்பிவிட்டு எல்லாத் தசைகளையும் தளர்த்தினால், விரிந்த விலாவும் சுவாசப்பையும் தாமாகச் சுருங்க முயல்வதாலேயே உள்ளே 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் அளவுக்கு, அதாவது அத்தனை உயரத் தண்ணீர் கொடுக்கும் அளவுக்கு, அமுக்கம் உண்டாகும். மெல்லிய குரலில் ஒரு சட்ஜம் (‘ஸ’ சுரம்) பிடிக்கக் குரல்நாணுக்குக் கீழே தேவைப்படும் அமுக்கம் 5 முதல் 10 சென்ரிமீற்றர் நீர் அளவுதான். ஆக, மூச்சை நிரப்பிப் பாடத் தொடங்கும் கணத்தில் பாடகரின் வேலை தள்ளுவது அல்ல. வெளியே பாய நிற்கும் காற்றை இழுத்துப் பிடிப்பது. மூச்சை உள்ளே எடுத்த அதே தசைகள், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடும் விலாவிடைத் தசைகளும், உடனே விட்டுவிடாமல் மெல்ல மெல்லத் தளர வேண்டும். மூச்சு பாதியாகும்போது இரண்டு பக்கமும் சமனாகும். அதற்குப் பிறகுதான் அடிவயிற்றுத் தசைகள் உள்நோக்கி வந்து வேலையை ஏற்கும். இந்தக் கைமாற்றம் தடுமாறாமல் நடப்பதைத்தான் சப்போர்ட் என்கிறார்கள். இத்தாலியப் பாட்டு ஆசிரியர்கள் நெடுங்காலமாக அப்போஜியோ என்று சொல்லிவருவதும் இதையே.

இப்போது மூன்று பந்துக் கருவியை எடுத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு படுத்திருக்கும் நோயாளி ஆழமாக மூச்செடுத்து, சுவாசப்பையின் அடிப்பகுதி சுருங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது அது. அந்த வேலைக்கு நல்ல கருவி. வழக்கமான வகையில் முதல் பந்து செக்கனுக்கு 600 மில்லிலீற்றர் வேகத்திலும், இரண்டாவது 900இலும், மூன்றாவது 1200இலும் எழும்பும். அதாவது அது அளப்பது மூச்சை உள்ளே இழுக்கும் வேகத்தை. பாட்டு நடப்பதோ மூச்சு வெளியே போகும்போது, அதுவும் அதைவிட எத்தனையோ மடங்கு மெதுவாக. மூன்று பந்தையும் தூக்கவேண்டும் என்ற ஆசையில் தோளை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க உறிஞ்சிப் பழகியவர், மேடையிலும் அப்படியே மூச்செடுப்பார். கழுத்துத் தசை இறுகினால் குரல்வளை மேலேறும். மேலேறிய குரல்வளையோடு தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) பாடினால் குரல் நெரியும். அளவுக்கு மிஞ்சி நிரப்பிய காற்றைப் பிடித்து வைக்கவே பாதிப் பலம் போய்விடும்.

சிலர் அதைத் தலைகீழாகப் பிடித்து ஊதுகிறார்கள். அப்போது வெளிமூச்சுக்கு வருகிறது, உண்மைதான். ஆனால் முதல் பந்தே செக்கனுக்கு 600 மில்லிலீற்றர் கேட்கிறது. அந்த வேகத்தில் ஊதினால் மூச்சு சில செக்கன்களில் தீர்ந்துவிடும். பாடகர் பழக வேண்டியது காற்றைச் சிக்கனமாக விடுவதை. இந்தக் கருவி ஊதாரித்தனத்தைப் பழக்குகிறது. வைத்தியர் சொல்லி வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அவர் சொன்ன காரியத்துக்கு மட்டும் பாவியுங்கள்.

சிலிகன் குழாய்ப் பயிற்சி பின்லாந்திலிருந்து வந்தது. 1960களில் அன்ரி சொவியார்வி என்பவர் கண்ணாடிக் குழாயொன்றைத் தண்ணீரில் விட்டுக் குரல் கொடுக்கும் முறையை அங்கே உருவாக்கினார். பின்னர் மார்கெத்தா சிஹ்வோ என்ற குரல் சிகிச்சையாளர் அதை வளையக்கூடிய சிலிகன் குழாயாக்கி லக்ஸ்வொக்ஸ் என்று பெயரிட்டார். காப்புரிமை பெற்ற மர்மம் எதுவும் அதில் இல்லை. 35 சென்ரிமீற்றர் நீளம், 9 முதல் 12 மில்லிமீற்றர் உள்விட்டம் கொண்ட ஒரு சிலிகன் துண்டும், அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் போதும்.

இதன் அருமை, அமுக்கம் கண்ணுக்குத் தெரிவதுதான். குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், குமிழி வரவேண்டுமானால் வாய்க்குள் குறைந்தது 5 சென்ரிமீற்றர் நீர் அளவு அமுக்கம் இருந்தாக வேண்டும். மீற்றர் முள்ளோ பற்றரியோ தேவையில்லை, ஆழமே அளவுகோல். மெல்லிய குரலும் சேரும்போது சுவாசப்பையில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீர் அளவு அமுக்கம் இருக்கும். பாட்டுக்குத் தேவையான அமுக்கத்திலேயே உடம்பு பழகுகிறது. குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சு சீராகப் போகிறது. திக்கித் திக்கி வந்தால் கைமாற்றம் தடுமாறுகிறது. இதை ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, காது கேட்கும், கண் பார்க்கும்.

இன்னொரு பலனும் உண்டு. வாய்க்குள் எதிரமுக்கம் இருக்கும்போது குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஓங்கி அடிபடுவதில்லை. சற்றே விலகிய நிலையில் இலேசாக அதிர்கின்றன. குமிழி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள் ஒரு சின்ன அசைவு போய்வருவதால் இறுகிய தசைகள் இளகுகின்றன. களைத்த குரலுக்கு இது ஓய்வைவிட வேகமாக வேலை செய்வதைப் பாடகர் பலர் உணர்ந்திருக்கிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். மீன்தொட்டிக் கடையில் காற்று மோட்டருக்குத் தரும் மெல்லிய குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீற்றர்தான். அதனால் பிரயோசனமில்லை, அதற்குள் ஊதுவதற்கே அமுக்கம் செலவாகிவிடும், தண்ணீரின் ஆழம் கணக்கில் வராது. ஹார்ட்வெயார் கடையில் மேசன்மார் மட்டம் பார்க்க வாங்கும் கண்ணாடி போன்ற குழாய் அளவில் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் அது பிவிசி. வாயில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, நெகிழ்ச்சிக்காகச் சேர்க்கும் இரசாயனம் அதில் இருக்கும், கொதிக்கும் தண்ணீரையும் தாங்காது. முகர்ந்து பார்த்தால் புதுச் செருப்பு வாசனை அடிக்கும். இறுக்கி மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். சிலிகன் வாசனையற்றது, பால்போல் மங்கலானது, மடித்துவிட்டால் பழையபடி நிமிரும். உணவுக்கேற்ற சிலிகன் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் வடிகட்டி, குடிநீர் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் இடங்களில் கிடைக்க வாய்ப்பு அதிகம். காஸ் அடுப்புக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் வாயில் வைக்க வேண்டாம்.

வெளிவிட்டத்தையும் பாருங்கள். சாதாரணத் தண்ணீர்ப் போத்தலின் வாய் உள்ளே ஏறக்குறைய 21 மில்லிமீற்றர். தடித்த சுவருள்ள குழாய் அந்த வாயை அடைத்துக்கொண்டால், ஊதிய காற்று வெளியேற வழியின்றிப் போத்தலுக்குள் அமுக்கம் ஏறும். குமிழி நின்றுபோகும், அல்லது தண்ணீர் முகத்தில் பாயும். 12 முதல் 15 மில்லிமீற்றர் வெளிவிட்டம் என்றால் காற்றுக்கு இடம் இருக்கும். அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தலானால் இந்தப் பிரச்சினையே இல்லை.

குழாயின் ஒரு நுனியிலிருந்து 2, 3, 5, 7 சென்ரிமீற்றரில் அழியாத மையால் கோடு போடுங்கள். சுருளாக வைத்திருந்த குழாய் வளைந்தே கிடக்கும். வளைந்தோ சரிந்தோ இருந்தால் கோட்டை நம்ப முடியாது, ஏனென்றால் கணக்கு செங்குத்தான ஆழத்துக்குத்தான். அடிமட்டத்தை (அளவுகோலை) போத்தலோடு சேர்த்துப் பிடித்து நீர்மட்டத்திலிருந்து நுனி எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, உடுப்புக் காயப்போடும் கிளிப்பொன்றால் குழாயைப் போத்தல் வாயோடு கவ்வி வைத்தால் ஆழம் மாறாது. போத்தலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குடிதண்ணீர். கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீர் வேண்டாம். சில துளி எப்போதும் குழாய் வழியே வாய்க்கு வரும்.

பயிற்சி இப்படி. நிமிர்ந்து நின்று, போத்தலை நெஞ்சளவில் பிடியுங்கள். மேசையில் வைத்துக் குனிந்தால் கழுத்து மடிந்து குரல்வளை நெரிபடும். குழாய் பற்களைத் தாண்டி ஒரு விரற்கடை உள்ளே, நாக்கின் மேல் கிடக்கட்டும்; உதடு சுற்றிவர மூடியிருக்க, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் விலகியிருக்க வேண்டும். மூக்கால் சத்தமின்றி மூச்செடுங்கள். கீழ் விலா பக்கவாட்டில் விரியும், மேல்வயிறு முன்னே வரும், தோள் அசையாது. முழுக்க நிரப்ப வேண்டாம், முக்கால்வாசி போதும். முதலில் 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் குரலின்றிக் குமிழி மட்டும். விலா உடனே சரிந்துவிடாமல் விரிந்தபடி நிற்கிறதா என்று மறுகையை விலாவில் வைத்துப் பாருங்கள். 10 செக்கன் சீராக வந்தபின் குரலைச் சேருங்கள்: ஊகாரம் போன்ற ஒலி, உங்கள் சுருதியின் மத்திய சட்ஜத்தில். ஆண்களுக்கு ஒரு கட்டையிலிருந்து இரண்டு, பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறு கட்டை வசதி. பின்பு சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கி ஏறி இறங்குங்கள். அது சுகமாக வந்தால் ஆழத்தை 3க்கும், பிறகு 5க்கும் கூட்டலாம். கடைசியாகப் பாடப்போகும் பாட்டின் பல்லவியை, சொல் இல்லாமல் மெட்டு மட்டும், குழாய்க்குள் பாடுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் எந்தச் சங்கதியில் மூச்சு ஓட்டையாகிறது என்பதைக் குமிழி அப்படியே காட்டிக்கொடுக்கும்.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. ஒரே மூச்சில் அரைமணி நேரம் ஊதுவதால் தலைசுற்றுவதுதான் மிச்சம். தலை இலேசானால் உடனே நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விட்டபடி உட்காருங்கள். 10 சென்ரிமீற்றருக்கு மேலான ஆழம் குரல்நாண் வலுவிழந்தவர்களுக்குச் சிகிச்சையாளர் முன்னிலையில் தரப்படுவது. பாடகர் தாமாக அங்கே போகத் தேவையில்லை. அந்த ஆழத்தில் தொண்டையை இறுக்காமல் குரல் கொடுப்பது கடினம்.

எங்கே பிழைக்கிறது? குரல் கேட்கிறது, குமிழி இல்லை என்றால் காற்று மூக்கால் கசிகிறது. விரலால் மூக்கைப் பொத்துங்கள். உடனே குமிழி கிளம்பினால் அதுதான் காரணம். குமிழி வருகிறது, குரல் காற்றோட்டமாக, மெலிந்து கேட்கிறது என்றால் குரல்நாண்கள் சரியாகச் சேரவில்லை; ஆழத்தைக் குறைத்து, சுருதியை ஓரிரு சுரம் இறக்குங்கள். தண்ணீர் கொந்தளித்து வெளியே தெறிக்கிறதென்றால் காற்று அதிகம். மேலே ஏறும்போது மட்டும் கொந்தளித்தால், உயரச் சுரத்துக்குத் தள்ளிப் பாடும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது, அதைத் திருத்த வேண்டிய இடம் இதுதான். கடைசி இரண்டு செக்கனில் குமிழி அறுந்து அறுந்து வந்தால் மூச்சைக் கடைசிச் சொட்டுவரை பிழிகிறீர்கள். அதற்கு முன்பே நிறுத்திப் புது மூச்செடுங்கள். கன்னம் உப்புவதால் தீங்கில்லை. சிறுவர்கள் கன்னத்தை இறுக்கிப் பிடித்தால் விடச்சொல்லுங்கள்.

ஸ்ரோவைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிற்ஸ் ஸ்ரோவுக்குள் குரல் கொடுக்கும் பயிற்சியைப் பரவலாக்கினார். தண்ணீர் இல்லாமலே செய்யலாம், பஸ்ஸிலும் செய்யலாம். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் ஸ்ரோக்கள் 2023 ஒக்டோபரிலிருந்து இலங்கையில் தடை. கடதாசி ஸ்ரோ சில நிமிடத்தில் ஊறிச் சப்பையாகிவிடும், பயிற்சிக்கு ஆகாது. 6 மில்லிமீற்றர் அளவுள்ள எவர்சில்வர் ஸ்ரோ வாங்குங்கள். அதில் உங்களுக்கு எவ்வளவு அமுக்கம் கிடைக்கிறது என்பது எவ்வளவு வேகமாகக் காற்று விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கற்றுக்கொள்வதற்குக் குழாய் மேல். கற்றுக்கொண்ட பின் மேடைக்குப் பின்னால் நின்று இரண்டு நிமிடம் குரலைத் தயார்ப்படுத்த ஸ்ரோ வசதி.

இனிக் கரகரப்பு. இதில் எங்கள் ஊரில் நிலவும் தவறான எண்ணம் இரண்டு. ஒன்று, கத்திக் கத்தித் தொண்டையைப் பழுதாக்கினால்தான் அந்தக் குரல் வரும் என்பது. மற்றது, கரகரத்துப் பாடுவது எப்படிச் செய்தாலும் கேடு என்பது. இரண்டும் சரியல்ல.

குரல்வளைக்குள் உண்மைக் குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு தடித்த மடிப்புகள் உண்டு. அதற்கும் மேலே குரல்வளையின் வாசல் விளிம்பும் குரல்வளை மூடியும் இருக்கின்றன. தேர்ந்த ரொக் பாடகரின் டிஸ்டோர்ஷனில் சுரத்தை உண்மைக் குரல்நாண்கள் சுத்தமாகப் பிடித்திருக்க, பொய்க் குரல்நாண்கள் மேலே சேர்ந்து அதிர்ந்து இரைச்சலைக் கூட்டுகின்றன. லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் குரலில் கேட்கும் உறுமல் அந்த வாசல் விளிம்பு அதிர்வதால் வருவது. திபெத்தியத் துறவிகளின் மிகத் தாழ்ந்த ஓதல் பொய்க் குரல்நாண்கள் பாதி வேகத்தில் சேர்ந்து அதிர்வதால் பிறக்கிறது. டென்மார்க்கின் கத்ரின் சடோலின் இந்த வகைகளைப் பிரித்துப் பெயரிட்டுக் கற்பிக்கும் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: இரைச்சல் மேலே, சுரம் கீழே. இரைச்சலை உண்மைக் குரல்நாண்களை நெரித்து உண்டாக்கினால் அவை வீங்கும். வீங்கியதன் மேல் தொடர்ந்து அடித்தால் காய்ப்பு விழும்.

மூச்சுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான். கரகரப்பைச் சேர்க்கும் கணத்தில் பழக்கமில்லாதவர் தன்னையறியாமல் இருமடங்கு காற்றைத் தள்ளுவார். காற்றை அடக்க உண்மைக் குரல்நாண்கள் இறுகும். பிறகு நடப்பதெல்லாம் காயம். குழாயில் சீரான குமிழியோடு பாடிப் பழகியவருக்கு அந்தத் தள்ளல் தொடங்கும்போதே உடம்பில் தெரிந்துவிடும்.

ஆகவே கரகரப்புப் பழகும் நாளில் முதல் ஐந்து நிமிடம் குழாய், 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழம். பிறகு கரகரக்க வேண்டிய வரியைச் சுத்தமான குரலில், நடுத்தர ஒலியில், மூன்று நான்கு தடவை. அந்த வரியைச் சுத்தமாகப் பாட முடியாவிட்டால் கரகரப்பாகவும் பாட முடியாது, சுருதியை இறக்குங்கள். பொய்க் குரல்நாண்களைக் கண்டுபிடிக்க: பாரமான ஒரு மூட்டையைத் தூக்கும்போது வரும் இலேசான முனகல், அல்லது ஆட்களுக்குக் கேளாமல் தொண்டையைச் செருமும் தொடக்கம். அந்த இறுக்கம் குரலுக்கு மேலே, நடுத்தொண்டையில் உணரப்படும். இப்போது ‘ஆ’ என்று இரண்டு செக்கன் சுத்தமாகப் பிடித்து, அதன்மேல் அந்த முனகலை ஒரு செக்கன் வைத்து, எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் அதே சுரம், அதே தெளிவோடு அங்கே இருக்க வேண்டும். சுரம் இறங்கியிருந்தாலோ குரல் அடைத்திருந்தாலோ நெரித்தது கீழே. ஒலி கதைக்கும் குரலளவுக்கு மேல் போகவேண்டாம். நான்கைந்து தடவைக்கு ஒருமுறை குழாய்க்குத் திரும்பி அரை நிமிடம் வழுக்கி ஏறி இறங்குங்கள். தொடக்கத்தில் கரகரப்பு மட்டும் நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

செய்யும்போது அரிப்போ இருமலோ வந்தால் அந்த நாளுக்கு நிறுத்துங்கள். வலி வந்தால் முறையே பிழை. அடுத்த நாள் காலையில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை ஒன்று உண்டு: உங்கள் சுருதியில் தாரஸ்தாயி மத்திமம், பஞ்சமம் அளவில், மிகமிக மெல்லிய குரலில், ஆண்களானால் கள்ளத்தொண்டையில் (பெண்குரல்போல் மெலிந்த பொய்க்குரலில்), சிறு சிறு துண்டாகப் பாடுங்கள். வழக்கமாக உடனே ஒலிக்கும் சுரம் காற்று முன்னே வந்து குரல் பிந்தி வந்தால் குரல்நாண் வீங்கியிருக்கிறது. உரத்துப் பாடினால் வீக்கம் மறைந்து கேட்கும். மெல்லப் பாடும்போதுதான் அது வெளிப்படும். வீக்கம் தெரிந்தால் குழாயில் 2 சென்ரிமீற்றர் ஆழம், குறைந்த பேச்சு, கரகரப்பு இல்லை. இரகசியம் பேசுவது ஓய்வல்ல. பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்கும்.

மேடையில் கரகரப்பைப் பெரிதாக்குவது மைக்கின் வேலை. சுத்தக் குரலைவிடச் சின்ன ஒலியில் செய்யப்படும் கரகரப்பு மைக்கில் இரண்டு விரல் தூரத்திலிருந்து போகும்போது ராட்சதமாகக் கேட்கும். கோயில் வீதியிலும் கடற்கரை மேடையிலும் பாடகருக்குத் தன் குரல் திரும்பக் கேட்பதில்லை. கேளாத பாடகர் கத்துவார். ஒலிபெருக்கிக்காரரிடம் பாடகர் பக்கம் திருப்பி ஒரு பெட்டி கேட்டு வாங்குவது எந்தப் பயிற்சிச் சாமானைவிடவும் குரலைக் காக்கும். சுவாமிமலைக் காற்றில் கோணேசர் சந்நிதியில் பதிகம் பாடுபவருக்கும் இதுவே பொருந்தும்.

ஆவி மெஷின் பற்றி. குடிக்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை; தேன், அதிமதுரம், கொத்தமல்லித் தண்ணீர் எல்லாம் உணவுக்குழாய் வழியே போய்விடும். அவை தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். குரல்நாணை நேரே சேர்வது மூச்சோடு போகும் ஈரம் மட்டும். மாரி காலத்தில் இங்கே காற்றிலேயே போதிய ஈரம் இருக்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்திலும், குளிரூட்டிய அறையில் படுத்தெழும்புபவர்களுக்கும் மெஷின் பிரயோசனப்படும். வெறும் தண்ணீர் ஆவி, ஐந்து முதல் பத்து நிமிடம், பாடுவதற்கு அரைமணிக்கு முன். தைலம், கற்பூரம், மென்தோல் சேர்த்தால் மூக்கு திறந்ததுபோல் இருக்கும், தொண்டையோ எரிந்து உலரும். மெஷின் இல்லாதவர் அகன்ற கோப்பையில் வெந்நீர் வைத்துத் துவாய் போர்த்திக்கொண்டால் அதுவே போதும். அடுப்பில் கொதிக்கும் பானைக்கு மேல் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சாமான்கள் இரண்டு பற்றியும் கேட்கிறார்கள். துருக்கி வைத்தியர் ஒருவர் வடிவமைத்த டாக்டர்வொக்ஸ், குழாயும் பாத்திரமும் ஒன்றாக இணைந்த நேர்த்தியான பொருள். அது செய்வதை மேலே சொன்ன போத்தலும் செய்யும். இஎம்எஸ்ரி 150 என்ற ஊதும் கருவி 30 முதல் 150 சென்ரிமீற்றர் நீர் அளவு எதிர்ப்புத் தருவது, விழுங்குவதிலும் இருமுவதிலும் பலவீனம் உள்ளவர்களுக்காகப் பாவிக்கப்படுவது. உரத்துப் பாடும்போதும் 20 முதல் 40 சென்ரிமீற்றர் நீர் அளவே போதுமான பாடகருக்கு அந்தப் பலம் தேவையில்லை.

குழாய் குணப்படுத்தாதவையும் உண்டு. பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் அறுந்துபோனால் குரல்நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம்: முழு மௌனம், உடனே காது மூக்கு தொண்டை வைத்தியர். அந்த நேரம் குழாயும் வேண்டாம். தடிமன் (சளி) இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் குரல் அடைத்திருந்தால் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாடித் தொழில் செய்பவர் அவ்வளவு காத்திருக்கவும் வேண்டாம். கச்சேரிக்கு முன் உடம்பு நோவுக்கு அஸ்பிரின் போடும் பழக்கம் ஆபத்தானது, அது இரத்தம் உறைவதைத் தாமதிக்கும். இரவுக் கச்சேரி முடித்து உறைப்பான கொத்து ரொட்டி சாப்பிட்டு உடனே படுப்பவருக்குக் காலையில் குரல் கட்டுவது பெரும்பாலும் வயிற்று அமிலம் மேலேறுவதால். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டால் மாற்றம் தெரியும்.

பராமரிப்பு எளிது. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர். நேற்றைய தண்ணீரில் ஊதினால் அதிலுள்ள கிருமியைச் சிதறடித்து மூச்சோடு இழுப்பீர்கள். முடிந்ததும் குழாயைச் சவர்க்காரத் தண்ணீரால் உள்ளும் புறமும் அலசி, நுனி கீழே தொங்க நிழலில் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கலாம், சிலிகன் தாங்கும். ஒரு குழாய் ஒருவருக்கு. வகுப்பில் ஆசிரியர் மீற்றர் கணக்கில் வாங்கி மாணவர் ஒவ்வொருவருக்கும் 35 சென்ரிமீற்றர் வெட்டிக் கொடுத்தால் மூன்று மீற்றரில் எட்டுப் பேருக்குக் காணும். உட்சுவர் வழவழப்பாகி, கழுவியும் போகாவிட்டால், அல்லது கறுப்புப் புள்ளி விழுந்தால் வேறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்.